கொழுந்தனின் கரி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வில்லைகளை ஃபிரேமுக்கு ஏற்ப உரசிக் கொடுப்பது அவள் வேலை. சாணைக்கல்லில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வீடு திரும்பும்போது விரலிடுக்கில் கண்ணாடி மாவு வெள்ளையாய் ஒட்டியிருக்கும். முதலாளி கடுப்பில் அவளுக்கு வைத்த பெயர் ‘வளையாத கம்பி’. அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் கப்பல் விளையாட்டு நடக்கும். அவள், கணவன், கொழுந்தன். ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு தீவு. சரக்கு ஏற்றி விற்றுத் தீவை வளர்க்க வேண்டும். அன்று ஆட்டம் பாதி தாண்டியதும் நீராவிக் கப்பல் கட்ட வழி திறந்தது. பாய்மரக் கப்பலைப் போல இரண்டு பங்கு சரக்கு சுமக்கும், எதிர்காற்றுக்கும் அசராது. ஆனால் போகும்போதெல்லாம் கரி தின்னும். கரிச் சுரங்கமோ கொழுந்தன் தீவில் மட்டும்தான்.

“கரி நான் தர்றேன் அண்ணி. பதிலுக்கு உங்க துறைமுகத்துல என் கப்பலுக்குத்தான் முதலிடம்.”

“வேண்டாம்பா. எனக்குக் காத்து போதும்.”

“காத்தை நம்பி வியாபாரமா? ஆமை கூட உங்களை முந்திடும்!”

கணவன் ஒப்புக்கொண்டு, பாய்மரங்களை எல்லாம் கலைத்துவிட்டு நீராவிக்கு மாறினான். கொஞ்ச நேரம் அவன் காட்டில் மழை. பிறகு ஒரு குட்டித் தீவுக்காக இருவரும் முட்டிக்கொண்டார்கள். தம்பி கரியை நிறுத்தினான். அண்ணனின் கப்பல்கள் துறைமுகத்திலேயே சிலையாய் நின்றன.

“கூடப் பொறந்தவன்டா நான்!”

“கடல்ல ஏது அண்ணன்?”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பாடும் சுகமில்லை; புயலில் இரண்டு கப்பல் போயிற்று. மரம் வெட்டி மறுபடி கட்டினாள். யாரும் சீந்தாத ஒரு பாறைத் தீவுக்குப் பாய்மரத்தில் ஆட்களை அனுப்பினாள். தோண்டினால், கரி! அடுத்த நொடியே நீராவிக் கப்பல் கட்டத் தொடங்கினாள்.

கொழுந்தன் துள்ளினான். “பாத்தீங்களா! கடைசில நீங்களும் நீராவிக்குத்தானே வந்தீங்க?”

“நீராவி மேல எனக்கென்ன கோவம்? உன் கரிதான் எனக்கு ஆகாது.”

கப்பல் கட்டி முடிவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. கொழுந்தன்தான் ஜெயித்தான்.

“அவன் கரியை அப்பவே வாங்கியிருந்தா நீ ஜெயிச்சிருப்ப,” என்றான் கணவன்.

“ஜெயிச்சிருப்பேன். ஒவ்வொரு தடவையும் கரிக்காக அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கணும். அதுக்குத் தோத்ததே மேல்,” என்றாள், கொழுந்தன் காதில் நன்றாக விழும்படி. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“என்ன பாக்குறீங்க ரெண்டு பேரும்? இன்னொரு ஆட்டம் போடுங்க.”