முதுகுப் பக்கம் நிண்டு பார்த்த பாலே

உடுப்புப் பகுதியில வேலை செய்யிற எங்களுக்கு ஆட்டக்காரரின்ர முகத்தைவிட முதுகுதான் பழக்கம். டொராண்டோவில ஒரு பாலே நடனக் குழுவின்ர உடுப்புகளைத் தோய்க்கிறது, தைக்கிறது, ஆடுற ஆக்களுக்கு முதுகில கொளுக்கி போட்டுவிடுறது, இதுதான் என்ர வேலை. விரல் முழுக்க ஊசி குத்தின ஆக்கள் இதை வாசிச்சால் என்ர பாடு விளங்கும்.

நிலத்தில இருந்தவ

மகளை டேகெயாரில விட்டிட்டு, மோர்னிங்சைட்டில பஸ் பிடிச்சுப் போய்வந்த முதல் கிழமை. ஓட்டை விழுந்த கம்பளிக் காலுறையோட ஒருத்தி நிலத்தில இருந்து, ஆட்டச் சப்பாத்துக்கு றிபன் தைச்சுக்கொண்டு இருந்தா. ஆகக் கடைசியாச் சேர்ந்த பிள்ளையாக்கும் எண்டு பாவம் பார்த்து, "தாங்கோ, நான் தைக்கிறன்" எண்டு கையை நீட்டினன். அவ சிரிச்சுக்கொண்டு சப்பாத்தை நெஞ்சோட அணைச்சா. என்னை வேலைக்குச் சேர்த்துவிட்ட சாந்தி அக்கா ஓடிவந்து என்னை இழுத்தா.

"அடியே, உவதான் பிரின்சிபல், ஆட்டக்காரரில ஆக மேல்படி! இஞ்ச எந்தப் படியில நிண்டாலும் தன்ர சப்பாத்தைத் தான்தான் தைக்கவேணும், நீ கை வையாதை!"

காணாமல் ஆடுறது

கீழ்ப்படி அப்ரென்டிஸ், பழக வந்த ஆக்கள். அடுத்தது கோர், கூட்டமா ஆடுற ஆக்கள். அதுக்கு மேல தனிய ஆடுற சோலோயிஸ்ட், உச்சியில பிரின்சிபல். கிளேர் எண்ட பிள்ளை கனகாலமாக் கோரிலயே நிண்டவ. இந்த வருசமும் மேல ஏத்தாட்டி ஆட்டத்தையே விடப்போறன் எண்டு எங்களிட்டைச் சொல்லிப்போட்டா.

ஒருநாள் திரையின்ர ஓரத்தில நிண்டு பார்த்தன். வெள்ளை உடுப்பில ஒரு கூட்டம். கையெல்லாம் ஒண்டா எழும்புது, மூச்சுக்கூட ஒண்டாப் போகுது. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அதுக்குள்ள கிளேரைத் தேடினன், பிடிபடவே இல்லை. எங்கட அரங்கேற்றத்தில பிள்ளை தெரியாட்டித் தாய் சண்டைக்கு வந்திடுவா! ஆட்டம் முடிஞ்சு வந்தவவிட்டை, வெக்கத்தை விட்டு, எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில "உங்களைக் காணேல்லையே" எண்டன். வேர்வை வழிய வழிய என்ர கையைப் பிடிச்சா.

"நன்றி! கோரில ஒருத்தி தனியத் தெரிஞ்சாத்தான் பிழை. இந்தக் கிழமை எனக்கு ஆரும் சொன்னதில உதுதான் நல்ல சொல்லு."

கழுத்துப் பட்டியில பெயர்

காணாமல் ஆடுற ஆளை ஆர் கண்டு மேல ஏத்தப் போகினம்? எனக்கு அந்த யோசினைதான். ஒரு பின்னேரம் சோலோயிஸ்ட் ஒருத்திக்குக் கால் பிரள, கிளேரை ஆடச் சொல்லிச்சினம். அந்தச் சோலோயிஸ்டின்ர உடுப்பைச் சின்னனாக்க என்னட்டைத் தந்தினம். கழுத்துக்கு உள்பக்கம், முன்னம் அதைப் போட்ட ஆக்களின்ர பெயர்கள், ஒண்டுக்குக் கீழ ஒண்டாத் தைச்சுக் கிடந்தது. "என்ர பெயர் வேண்டாம், இண்டைக்கு மட்டும்தானே" எண்டா கிளேர். கொளுக்கி போடேக்க அவவின்ர நெஞ்சு அடிக்கிறது என்ர விரலில தெரிஞ்சுது.

தனிய ஆடினா. நான் திரையோரத்தில நிண்டு பார்த்தன். திரை விழுந்தாப்பிறகு குழுவின்ர டிரெக்டர் மேடைக்கு வந்து, "நான் எப்பவும் பின்வரிசையைத்தான் பாக்கிறனான்" எண்டு சொல்லி, கிளேர் இனிச் சோலோயிஸ்ட் எண்டார். முதல்ல கை தட்டினது அந்தப் பிரின்சிபல். கிளேர் அழுதுகொண்டு ஓடிவந்து என்னட்டை முதுகைத் திருப்பினா. கொளுக்கியைக் கழட்டிப்போட்டு, "இப்ப பெயரைத் தைக்கட்டோ?" எண்டு கேட்டன்.

"ஓம், தையுங்கோ. ஆனா என்ர கோர் உடுப்பில கிடக்கிற பெயரைப் பிரிக்காதேங்கோ, அடுத்துப் போடுற பிள்ளை தனிய நிக்கக் கூடாது."

இந்தப் படிகளில ஒண்டிலயும் நான் இல்லை, எண்டாலும் ஆர் எந்தப் படிக்கு ஏறினாலும் முதுகை என்னட்டைத்தான் திருப்பவேணும்.