வீட்டுத் தொழில் கேட்ட நூலகர்

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையின் வாடை இருக்கிறதே... இன்றைக்கும் எங்காவது மூக்கில் ஏறினால் என் விரல்கள் தானாக மடங்கும். தீப்பெட்டி ஒட்டிய கைகள் அல்லவா!

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக் கொல்லையில் அப்பாவின் சின்னத் தீப்பெட்டித் தொழில். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திப் பெட்டி ஒட்ட உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்த அச்செழுத்தெல்லாம் பலசரக்குப் பொட்டலம் கட்டி வந்த காகிதம்தான். நீவி நீவி வாசிப்பேன். நல்ல இடமாகப் பார்த்துக் கிழிந்திருக்கும். அப்படி ஒரு எரிச்சல் வரும்!

எனக்குப் பதினெட்டு வயதானபோது ஊருக்குக் கிளை நூலகம் வந்தது. வாடகை வீடு, இரண்டு பீரோ, ஒரு நீள மேசை. நூலகர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வந்த மறுவாரமே வாசலில் ஒரு கரும்பலகை வைத்து 'வரும் நிகழ்ச்சிகள்' என்று எழுதினார்.

ஞாயிறு மூன்று மணிக்குப் பெண்கள் வாசிப்பு நேரம். அடுத்த வாரம் கடிதம் எழுதப் பழகுதல். அதற்கடுத்து, குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு டாக்டரம்மாவின் பேச்சு. எல்லாம் இலவசம். அத்தோடு விட்டிருக்கலாம் மனுஷர்...

'வருகிறவர்கள் பெயர், கதவு எண், வீட்டில் செய்யும் தொழில் ஆகியவற்றைப் பதிவு செய்யவும்.'

போச்சு!

எங்கள் ஊரில் நோட்டும் கையுமாக வந்து தொழில் என்னவென்று எவர் கேட்டாலும் அவர் வரி பிடிக்க வரும் எக்சைஸ்காரர்தான். அன்றைக்கு ஒவ்வொரு தீப்பெட்டியிலும் வரிக்கான அரசாங்கச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் கொல்லையிலிருந்து சில கட்டுகள் சீட்டு இல்லாமலே வண்டி ஏறும். எங்கள் வீடு மட்டுமா, தெருவே அப்படித்தான்.

எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் அப்பா கேட்டார். "புஸ்தகம் குடுக்க வந்தவனுக்கு நம்ம கதவு நம்பரு எதுக்கு அண்ணாச்சி?"

"அதான! ஆம்பளைககிட்ட கேட்டா ஒண்ணும் பேராதுன்னு பொம்பளைகளக் கூப்பிடுதான். இனாமா டாக்டரம்மா வேற... எவன் நம்புவான்?"

அன்றைக்கே அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏளா, ஞாயித்துக்கெழம நீ போ. ஒண்ணுந் தெரியாதவ மாதிரி உக்காந்து, அவன் என்ன கேக்கான்னு வந்து சொல்லு. நீயா வாயத் தொறந்த... அம்புட்டுதான்!"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேவு பார்க்கவாவது என்னை நூலகத்துக்கு அனுப்புகிறாரே!

போனால், என்னைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. பாயெல்லாம் விரித்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் நூலகர். மூன்றரை ஆனதும், "ஒருத்தர் வந்தாலும் நிகழ்ச்சி நிகழ்ச்சிதாம்மா" என்று ஒரு கதையை முழுசாக வாசித்தார். பிறகு வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு புத்தகம் கொடுத்தார். நானும் லேசுப்பட்டவளா? தொழிலை எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன்.

"இந்த ஊர்ல என்ன வேலை அதிகம்னு தெரிஞ்சா, அது சம்பந்தமா புத்தகம் வரவழைக்கலாமே. அதுக்குத்தான்."

அவர் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். கள்ளம் எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, "கதைதாம்பா வாசிச்சாரு. வேற ஒண்ணுங் கேக்கல" என்றேன்.

"அப்பச் சரி. அடுத்த வாரம் போகாண்டாம். வேலையப் பாரு."

புத்தகத்தில் பத்துப் பக்கம்கூடத் தாண்டவில்லை. என்னை அறியாமல் வாய் சொல்லிவிட்டது. "ஆனா... நம்ம தெருவுக்கு வண்டி எந்தக் கெழம வருதுன்னு கேட்டாருப்பா."

"பாத்தியா! நான் அப்பவே சொல்லல? நீ அடுத்த வாரமும் போ!"

அப்புறம் என்ன... வாரம் ஒரு புத்தகம், வாரம் ஒரு பொய். பசை மாவு எங்கே வாங்குகிறோம் என்று கேட்டார், எதிர்வீட்டில் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்டார்... வாய் கூசாமல் அடித்துவிட்டேன். நான் சொன்னது பொழுது சாய்வதற்குள் தெருவெல்லாம் போய்விடும். "அங்கன போனா வீட்டுக்குச் சோதனை வரும்" என்று பெண்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. டாக்டரம்மாவும் வந்தார். கல்யாணமாகாத எனக்கு ஒருத்திக்கு மட்டும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் முறையை விளக்கிவிட்டுப் போனார்!

மூன்று மாதம் கழித்து மேலதிகாரி ஒருவர் வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். எல்லா வாரமும் என் பெயர் ஒன்றுதான். பெண்கள் நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டார். நூலகருக்கும் வேறு ஊருக்கு மாற்றல்.

கடைசி ஞாயிறு அவர் என்னிடம், "ஊரே வரலேன்னாலும் நீங்க ஒருத்தர் விடாம வந்தீங்க. உங்களாலதாம்மா இத்தனை நாள் நடத்த முடிஞ்சுது. ரொம்ப நன்றி" என்றார்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நிமிடத்திலும் மனசுக்குள் ஒரு குரல்... ஒருவேளை இவர் நிஜமாகவே எக்சைஸ்காரராக இருந்தால்? என் பொய்யை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

இப்போது விருதுநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் என் போனுக்கு இங்குள்ள நூலகத்தின் நிகழ்ச்சிப் பட்டியல் வந்தது. 'என் நம்பரை இவர்களுக்கு யார் கொடுத்தது?' என்றுதான் முதலில் கேட்டேன். புத்தி எங்கே போகும்? மருமகள் சிரித்துவிட்டு, என்னையும் சேர்த்துப் பதிவு செய்தாள்.

போனோம். கூடம் நிறையப் பெண்கள். உட்கார இடமில்லை. நூலகராக இருக்கும் அந்தப் பெண் நாற்காலி போதாமல் அங்கும் இங்கும் ஓடுகிறாள், முகமெல்லாம் சிரிப்பு.

அன்றைய நூலகருக்கும் இந்தச் சிரிப்பு கிடைத்திருக்க வேண்டும். ஊர்ப் பெண்களை வரவிடாமல் செய்தவள் நான். அது தெரியாமல் எனக்கே நன்றி சொல்லிவிட்டுப் போனார்.