வறுத்த கருஞ்சீரகம்

எனக்கு ஏழு வயதாயிருந்தபோது அத்தா வளைகுடாவில் ஒரு கம்பெனிக் குடியிருப்பில் தோட்ட வேலை பார்த்தார். நானும் அம்மாவும் பூந்தமல்லியில் இருந்தோம். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. வீடியோ காலில் வருவார். ஒருநாள் போனைத் திருப்பி ஒரு மஞ்சள் பூவைக் காட்டினார். பட்டர்கப் ஜாதியாம், முட்டைக்கோஸ் மாதிரி இதழுக்குள் இதழ்.

“நம்ம ஊட்ல கருஞ்சீரகம் கீது பாரு, அதுக்கு இது சொந்தக்காரப் பூவாம். இங்க இஞ்சினியர் சொன்னாரு. நீயும் போட்டு வையிம்மா. அது பூக்கறதுக்குள்ள அத்தா வந்துடுறேன்.”

விடுவேனா? அம்மா தினமும் தேனில் குழைத்துச் சாப்பிடும் கருஞ்சீரக டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, பழைய பெயின்ட் வாளியில் மண் போட்டுத் தூவினேன். காலை மாலை தண்ணீர். எனக்கு அத்தா வேண்டும். போனில் இல்லை, தொட்டுப் பார்க்க.

மூன்று வாரமாகியும் ஒன்றும் தலைகாட்டவில்லை. “இன்னாம்மா, மொளச்சுதா?” என்று அத்தா கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். கடைசியில் அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அடி மக்கு! அது நான் வறுத்து வச்சதுடி. வறுத்தது எங்கனா மொளைக்குமா?”

எனக்கு வந்ததே கோபம்! “நீ ஏன் வறுத்தே? அத்தா வரக் கூடாதுன்னுதானே?” என்று கத்தினேன். அம்மாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. மறுநாளே குமணன்சாவடி நாட்டு மருந்துக் கடைக்குப் போய், வறுக்காததுதானே என்று இரண்டு தடவை கேட்டு வாங்கிவந்து, அவளே விதைத்தாள்.

முளைத்தது. நூல் நூலாக இலை விட்டது. உண்மையைச் சொன்னால், அதற்குள் எனக்கு வாளியே மறந்துவிட்டது. தண்ணீர் ஊற்றியதெல்லாம் அம்மாதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பூத்திருந்தது. ஐயே! வெளிறிய நீலத்தில், சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஐந்தே இதழ். இருந்தாலும் அன்று மதியம் அத்தாவுக்குக் காட்டினேன். “மாஷா அல்லா” என்றார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, “லீவு குடுக்க மாட்றாங்கம்மா” என்றார்.

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காப்பாற்றிவிடலாம் என்று தோன்றியது. “பரவால்ல அத்தா. இது அந்தப் பூவே இல்ல. அந்த மஞ்சப் பூ பூத்தா வாங்க, போதும்” என்றேன். அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

போனைக் கொடுக்கலாமென்று திரும்பினால், அதுவரை பக்கத்தில் நின்றிருந்த அம்மா இல்லை. மொட்டைமாடியில் இருந்தாள். கொடியில், அன்று காலை அவள் துவைத்துப் போட்ட அத்தாவின் வெள்ளைச் சட்டைகளும் லுங்கிகளும் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக உருவி மடித்துக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“யாருமே போடாத சட்டைய ஏம்மா தொவச்சே?”

“பெட்டியிலயே கெடந்தா பூச்சி அரிச்சிடும்டி” என்றாள்.

நானும் அப்படித்தான் என்று நம்பி, ஒரு லுங்கியை மடிக்க எடுத்துக்கொண்டேன்.