சடையப்பனின் ஒரு வரி வரவேற்புரை

மைக்கை வாங்கி, "அல்லாருக்கும் வணக்கம். வெயில் இருக்கசொல்லவே ஆட்டத்த ஆரம்பிச்சிடுவோம்" என்று சொல்லி, வாங்கிய கையாலேயே மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார் சடையப்பன். வரவேற்புரை முடிந்தது! சிறப்பு விருந்தினர் கழுத்தில் மாலை இன்னும் சரியாகப் படிந்திருக்காது. அதற்குள் அவரைத் தள்ளாத குறையாக மைதானத்தின் நடுவே கூட்டிப்போய், பந்தைக் காலால் தொடச் சொல்லி, மறுபடியும் நாற்காலியில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். விருந்தினர் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும் சொற்பொழிவு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பும்.

"இன்னாய்யா இது, தாலி கட்றதுக்கு முன்னாடியே பந்தலப் பிரிக்கிறே?" என்று போன மாதம் ஒரு விருந்தினர் கோபித்துக்கொண்டார். சடையப்பன் தலையைச் சொறிந்துகொண்டார்.

உத்திரமேரூரில் பழைய ஆட்களுக்கு இது நம்பமுடியாத விஷயம். சடையப்பனா இப்படி! மூன்று வருஷத்துக்கு முன்புவரை அவர் மைக்கைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். குடவோலையில் தொடங்கிக் கோல்போஸ்டுக்கு வந்து சேர்வதற்குள் கேட்பவர்கள் வெற்றிலை போட்டுத் துப்பி, இன்னொரு தரமும் போட்டுவிடுவார்கள். பந்தல் போட்டவர், மைக் செட்காரர், சோடா வண்டிக்காரர், எதிரணி ஊரின் பெரியவர்கள், அந்த ஊர் ஏரி, ஏரி நிரம்பினால் வழிகிற கலங்கல் என்று ஒன்றை விடாமல் வரவேற்பார். ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்று காலை மாற்றி மாற்றிக் கொட்டாவி விடுவார்கள். "அண்ணே, பந்துல காத்து எறங்கிடப் போவுது!" என்று யாராவது குரல் கொடுத்தால், அதையும் கைதட்டலாக எடுத்துக்கொண்டு மேலே போவார் மனுஷர்.

கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஆளைப் பார்ப்பதற்கு முன் சக்கரத்தைப் பார்ப்பது வழக்கம். நின்றிருக்கும் பஸ்ஸின் டயரைக்கூடக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் ஏறுவார். ஊர்க் கால்பந்துக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். வெள்ளை பனியன்களுக்கு மஞ்சள் சாயம் தோய்த்து, முதுகில் சைக்கிள் பெயிண்டால் நம்பர் எழுதுவதும் அவரே. வியர்வையில் சாயம் இறங்கி, ஆட்டம் முடியும்போது பதினோரு பேரும் மஞ்சள் நீராட்டு வீட்டிலிருந்து வருகிறவர்கள் மாதிரி இருப்பார்கள். பங்குனியில் பெரிய ஏரி வற்றினால் அதன் உள்வாயில் மைதானம். ஐப்பசியில் தண்ணீர் வந்தால் மைதானமும் இல்லை, கழகமும் இல்லை.

கழகத்தின் தலைவர் ஏகாம்பரம். நிறைய நஞ்சையும் பம்ப்செட்டும் உள்ளவர். பந்து வாங்கிக் கொடுப்பவர் அவர். ஆகவே பந்து அவர் சொன்னபடி உருளும். அவருடைய மோட்டார் கொட்டாயில் வேலை பார்ப்பவன் சாமுவேல். பம்ப்செட்டுக்குக் கரண்ட் ராத்திரியில்தான் வருகிறது. வந்ததும் மோட்டாரைப் போட்டு, வயலுக்கு வயல் மடை திருப்பிவிட வேண்டும். அந்த வேலைதான் அவன் வீட்டில் உலை கொதிக்கவைப்பது. அந்த நாளில் அணியில் லெப்ட் அவுட் ஆடியவனும் அவன்தான். இடதுகாலில் பந்து மாட்டிவிட்டால் வளர்த்த நாய்க்குட்டி மாதிரி கூடவே ஓடிவரும்.

ஆனால் சாமுவேலை நம்பி ஒரு டீகூடப் பந்தயம் கட்ட முடியாது! ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு வந்து மானாம்பதிக்காரர்களோடு ஆடினால் புலி. கோப்பை, பந்தல், மைக் என்று ஊரே கூடுகிற சாயங்கால ஆட்டத்தில் முதல் பாதி மட்டும் புலி. மறுபாதியில் வைக்கோல் பொம்மை. வந்த பாஸை விட்டுவிட்டு வெறும் தரையை உதைப்பான். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மூச்சு பத்தவில்லை என்றார்கள். கூட்டத்தைக் கண்டால் பயம் என்றார்கள். கோல்கீப்பர் பச்சமுத்துவின் கண்டுபிடிப்பு வேறு: "பொண்டாட்டி வந்து நின்னுட்டா அவனுக்கு பந்து மேல எங்க கவனம் இருக்கப் போவுது?"

அதற்கும் ஒரு காரணம் உண்டு. சாயங்கால ஆட்டம் முடிகிற நேரத்தில் அவன் மனைவி மார்த்தாள் இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பாள். சாமுவேல் பிள்ளையின் பாதத்தை ஒரு கையால் பிடித்தபடி, அவளை ஒட்டிக்கொண்டே ஏரிக்கரைமேல் நடந்துபோவான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சடையப்பனும் சிரித்திருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கோடையில் தாமல் அணியோடு கடைசி ஆட்டம். விருந்தினர் வந்ததே தாமதம். அதற்குமேல் சடையப்பனின் வரவேற்புரை. அன்றைக்குப் பேச்சு அவருக்கே பிடித்துப்போகிற அளவுக்கு நன்றாக வந்தது. முதல் பாதியில் சாமுவேல் ஒரு கோல் போட்டான். இடைவேளையில் தாமல் அணித் தலைவன் அவன் தோளில் கைபோட்டு, ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தான். மறுபாதியில் அவர்களும் ஒரு கோல் போட்டார்கள். சூரியன் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. கடைசி நேரத்தில் பச்சமுத்து ஓங்கி உதைத்த பந்து நேராக சாமுவேலிடம் வந்தது. எதிரே ஒரு ஆள் இல்லை. சாமுவேல் அசையவில்லை. பந்து அவன் முழங்காலில் பட்டுத் தெறிக்க, தாமல்காரன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவந்து கோல் போட்டுவிட்டான். சாமுவேல் அப்போதும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

"சோடாவுக்கு வெல போயிட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். போதாதா? கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது.

வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று சைக்கிள் கடையில் கூடிப் பேசினார்கள். பச்சமுத்து அவன் பக்கம். "பாதி ஆட்டமாவது ஆடறான் இல்ல? மானாம்பதிய யாரு ஜெயிச்சிக் குடுத்தது? வச்சிக்கலாம்ணே. ஆடறப்ப ஆடட்டும், ஆடாதப்ப வெளிய ஒக்காரட்டும்."

ஏகாம்பரம் சாவகாசமாகச் சொன்னார்: "மோட்டார் வேலைய ஒயுங்காப் பாக்கறான், எனக்கு அது போதும். ஆட்ட விஷயம் உன்னுது சடையப்பா. நீ சொல்றதுதான்."

சாமுவேலைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கடை வாசலில் வந்து நின்றான்.

"சோடா குடிச்சியா, இல்லியா?" என்றார் சடையப்பன்.

"குடிச்சேண்ணே. தாகமா இருந்துச்சி."

"பந்து எதுக்கவே வந்துச்சே, ஏன்டா மரம் மாரி நின்னே?"

சாமுவேல் ஒருதரம் ஏகாம்பரத்தைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். சடையப்பனுக்கு அந்த மௌனம் போதுமானதாக இருந்தது. தோற்ற கோபம் வேறு. "துட்டுக்கு ஆடறவன் நமக்கு வேணாம். பனியனக் கயட்டிக் குடுத்துடு" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை கடையைத் திறக்க வந்தபோது, படியில் பனியன் இருந்தது. துவைத்துக் காயவைத்து, பதினொன்றாம் நம்பர் மேலே தெரிகிறபடி மடித்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல் வைத்திருந்தது.

ஒரு வாரம் கழித்து, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத உச்சிவெயிலில் மார்த்தாள் வந்தாள். சடையப்பன் தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு வார்த்த. அது யாராண்டயும் துட்டு வாங்கல. பொழுது சாஞ்சா அதுக்குக் கண்ணு தெரியாது."

"இன்னாம்மா சொல்றே?"

"மாலக்கண்ணு. அதோட நைனாவுக்கும் இருந்துச்சி. ஈரல் குடுத்துப் பாத்துட்டேன், பொன்னாங்கண்ணி குடுத்துப் பாத்துட்டேன். பெரியாஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்தாச்சி. பொறவியிலயே வந்தது, மாத்தரைல தீராதுன்னுட்டாங்க. ராத்திரில மட திருப்பறதே நாந்தாண்ணே. லாந்தரப் புடிச்சிக்கினு நான் முன்னால போவேன், மம்பட்டியோட அது பின்னால வரும்."

"அட பாவி! இத்த ஏன் அவன் சொல்லல? அத்தினி பேரு எதுர்ல கேட்டனே!"

"அந்த அத்தினி பேருல மொதலாளியும்தான ஒக்காந்துகினு இருந்தாரு? கண்ணு தெரியாதவன ராத்திரித் தண்ணிக்கு யாருண்ணே வச்சிப்பாங்க?" மார்த்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பசங்க சோடா சாமுவேலுன்னு கூப்புடுது. ஊரு சொல்றத அது தாங்கிக்கும். நீ சொன்னதத்தான் தாங்கல. ரெண்டு நாளாச் சோறு எறங்கல. நீ ஒருத்தனாவது தெரிஞ்சிக்கணும்னுதான் வந்தேன். வேற யாராண்டயும் வாயத் தொறந்துடாதண்ணே, எம் புள்ள மேல ஆண."

அவள் போனபிறகும் சடையப்பன் டியூபை அமுக்கியபடியே இருந்தார். குமிழி வந்துகொண்டே இருந்தது, அவர் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டங்கள் நினைவுக்கு வந்தன. மைக் இல்லாத ஆட்டங்கள் நினைவுக்கு வந்தன. அங்கெல்லாம் ஏன் புலி, இங்கெல்லாம் ஏன் பொம்மை என்பது இப்போது வெயில் மாதிரி விளங்கிவிட்டது. நாலு மணிக்குத் தொடங்கியிருந்தால் வெளிச்சத்திலேயே முடிந்திருக்கும். அவனுடைய மறுபாதி வெளிச்சத்தை, ஆட்டத்துக்கு ஆட்டம் மைக்கில் நின்று தின்று தீர்த்தது யார்? ஐயோ, தாமல் ஏரியின் கலங்கலைக்கூட வரவேற்றோமே! அன்று மத்தியானம் வாடகைக்கு வந்தவர்களிடம் சைக்கிள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். வரிசையாகச் சைக்கிள்கள் நின்றுகொண்டிருந்தன.

மறு வருஷம் ஏரி வற்றியதும் முதல் வேலையாக ஏகாம்பரத்திடம் போனார்.

"சாமுவேலத் திரும்பச் சேத்துக்கலாம்ணே. துட்டு கிட்டு அவன் வாங்கல."

ஏகாம்பரம் சிரித்தார். "தொரத்தினவனும் நீ, கூப்புடறவனும் நீயா? நல்லா கீதே கத! சரி, வாங்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்? அத்தச் சொல்லு, சேத்துக்கலாம்."

சடையப்பன் வாயைத் திறந்தார். ஒரு வரி போதும். அந்த ஒரு வரி பழியைத் துடைத்துவிடும். அதே வரி மோட்டார் கொட்டாய் வேலையையும் பறித்துவிடும். கலங்கலைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிய அந்த வாய் திறந்தது போலவே மூடிக்கொண்டது.

"சும்மா... மனசுல பட்டுது."

"மனசுல படறதுக்கெல்லாம் எடம் குடுத்தா ஊரு சிரிக்கும்யா."

பச்சமுத்துவிடமும் போய்ப் பார்த்தார். அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடியவன் அல்லவா? அவனும் கையை விரித்துவிட்டான். "நான் மொதல்ல நம்பலண்ணே. நீயே சொன்னப்புறம்தான் நம்பனேன்."

இதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார் சடையப்பன்.

அதிலிருந்துதான் இந்த ஒரு வரி வரவேற்புரை. ஆட்டத்தைச் சுடுவெயிலில் ஆரம்பித்து, பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுகிறார். "வெயில்ல வெந்து சாவறோம்ணே, சாமுவேலு போனதுலருந்து கோலும் வியமாட்டேங்குது" என்று ஆட்டக்காரர்கள் முனகுகிறார்கள். இப்போது இந்த வெளிச்சம் யாருக்கு உதவும்? அவருக்கும் அது தெரியும். ஆனாலும் மைக் கையில் வந்தால் கண் முதலில் சூரியனைத்தான் தேடுகிறது.

சாமுவேல் இன்னமும் ஆட்டம் பார்க்க வருகிறான். கூட்டத்தோடு நிற்பதில்லை, வேலிக்காத்தான் முள் பக்கம் தனியாக நிற்பான். முள்ளுக்குள் போய் விழுகிற பந்தை எடுத்து, இடதுகாலால் ஒரே உதை. பந்து கேட்டவன் மார்பில் போய் உட்காரும். அந்த நேரத்தில் சடையப்பன் மட்டும் குனிந்து, பக்கத்தில் நிற்கிற யாருடைய சைக்கிள் டயரையாவது அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் இதுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம் கூரம் அணியோடு ஆட்டம். சமமாகி, கூடுதல் நேரம் கொடுத்து, அதிலும் தீராமல் பெனால்டி வரைக்கும் இழுத்துவிட்டது. என்ன அவசரப்படுத்தியும் சடையப்பனால் சூரியனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. முடிந்தபோது நன்றாக மசங்கிவிட்டது. மார்த்தாள் பிரசவமாகிப் படுத்திருக்கிறாள், வரவில்லை. கூட்டம் கலைந்து போக, கரையடியில் சாமுவேல் துண்டை உதறுவதும் தோளில் போடுவதுமாக, கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தான்.

நாலடி தூரத்துக்கும் சைக்கிளில் ஏறி உட்காருகிற மனுஷர் சடையப்பன். அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவன் பக்கமாக வந்தார். "கரை மேல போறேன்" என்றார், யாருக்கோ சொல்வது போல. மேலே ஏறியதும் மணியை ஒரு தட்டுத் தட்டினார். நாலு எட்டு நடந்து இன்னொரு தட்டு.

"இன்னா சடையப்பண்ணே, கரைல மாடுகூட இல்ல, யாருக்கு பெல்லு அடிக்கிறே?" என்று கீழே இருந்து ஒருவன் கேட்டான்.

"பெல்லு மக்கர் பண்ணுது. பாத்துக்கினு கீறேன்."

"பின்னால சோடா வருது பாரு! பாத்து, உன்னயும் வித்துடப் போறான்!"

உள்வாயில் சிரிப்பு எழுந்து கரை வரைக்கும் வந்தது. சடையப்பனுக்குத் திரும்பிநின்று கத்தவேண்டும் போலிருந்தது. மைக்கே வேண்டாம், அத்தனை பேர் காதிலும் விழுகிற குரல் அவருடையது. விழுங்கிக்கொண்டு மணியைத் தட்டினார். பின்னால் வருகிற கால்கள் மணி நின்றால் நின்றன, மணி கேட்டால் நடந்தன. மதகு அருகே கரை குறுகி, ஒரு பக்கம் சரிந்து இறங்குகிறது. அங்கே ஒரு கை காற்றில் துழாவி வந்து, சைக்கிள் கேரியரைத் தொட்டு, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சடையப்பன் மணி அடிப்பதை நிறுத்தினார்.