கிராணி மகள் டாக்டருக்குப் படித்த தீவு

இந்தத் தீவில் சூடாக எதைக் குடித்தாலும் அதற்குப் பெயர் டீ. காப்பியைக் காப்பி டீ என்கிறார்கள். கொக்கோவைக் கரைத்தால் கொக்கோ டீ. வேலியோரச் செடியில் நாலு இலையைக் கிள்ளிக் கொதிக்க வைத்தால் அது புதர் டீ. நான் வந்து இறங்கிய மறுநாள் காலையில், நான் வாடகைக்குத் தங்கிய வீட்டின் சொந்தக்காரி மிஸ் வீ, என்ன டீ வேண்டும் என்று கேட்டாள். டீ என்றேன். டீதான், என்ன டீ என்றாள். நான் பிறந்து வளர்ந்ததே தேயிலைத் தோட்டத்தில்தான், எங்கள் ஊரில் டீ என்றால் ஒன்றே ஒன்றுதான் என்று கையை அகல விரித்து, மலை மலையாகக் காட்டி விளக்கினேன். பாவம் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு உள்ளே போனவள், எண்ணெய் மிதக்கும் கொக்கோவை ஒரு பெரிய கோப்பை நிறையக் கொண்டுவந்து வைத்தாள். உங்கள் ஊரில் எல்லோருக்கும் மலேரியாவா என்று கேட்டாள். முதல் நாள் நான் மலேசியா என்று சொன்னது அவள் காதில் அப்படி விழுந்திருக்கிறது.

தீவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேமரன் மலையில் எங்கள் ஊரான ரிங்லெட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான் கிளம்பும்போது என் அப்பா தேசப்படத்தில் அதைத் தேடிக் கண்டுபிடித்துப் பென்சில் முனையை வைத்தார். தீவு பென்சிலுக்கு அடியில் மறைந்துபோனது. ஆனாலும் தோட்டத்தில் எல்லோரிடமும் அமெரிக்காவுக்குப் பக்கம் என்று சொல்லி வைத்தார். பக்கம்தான். கேமரன் மலையிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒன்றுக்கொன்று பக்கம்தான்.

மிஸ் வீயின் முழுப்பெயர் ஐவி வீராசாமி. ஊர்க்காரர்கள் வாயில் அது விராசமி ஆகி, பிறகு வெறும் வீ ஆகிவிட்டது. இவளுடைய முன்னோர்களை மதராசிலிருந்து கப்பலில் ஏற்றிக் கரும்பு வெட்டக் கொண்டுவந்தார்களாம். என்னைவிடக் கொஞ்சம் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூ வைத்த தொப்பி போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் கரப்பிலே என்ற ஒரே சொல். அது கறிவேப்பிலை என்று எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆயிற்று. முதல் ஞாயிறன்று கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கள் ஊர் இங்கிலீஷில், எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க வீட்டுக்கு ஒரு கூலிப் பொண்ணு வந்திருக்கா, டாக்டருக்குப் படிக்க" என்று பெருமையோடு அறிவித்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தியக் கறுப்புத் தோல் உள்ள எல்லோரையும் இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் எரிந்திருக்கும். நாங்கள் கூலி இல்லை, என் அப்பா எஸ்டேட் ஆபீசில் கிராணி, அதாவது கிளார்க், பெரிய கிளார்க் என்று சொன்னேன். மிஸ் வீ முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. கூலி கிளார்க்" என்று பக்கத்தில் நின்றவளிடம் திருத்திச் சொன்னாள்.

உங்களில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். எங்கள் குவார்ட்டர்ஸ் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, ரோடு வளையும் இடத்தில் இருந்தது. ஜன்னலில் நின்றால் கீழே வரிசை வரிசையாகத் தகரக் கூரைகள் தெரியும். விடியற்காலையில் பனிக்குள்ளிருந்து ஆட்கள் கூடையோடு வந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்க, நிற்பார்கள். அப்பா கழுத்துவரை ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு பெயர் வாசிப்பார். இருபத்தைந்து வருடம் அந்த மனிதர்களின் பெயர்களை வாசித்தவர், ஒரு நாளும் லயத்துக்குள் காலை வைத்ததில்லை. நானும் வைத்ததில்லை. கூலி என்ற சொல் எங்கள் வீட்டில் உப்புப் போலப் புழங்கியது. கூலிக் கூட்டம், கூலிப் புத்தி, கூலி மாதிரி உட்காராதே. தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் அப்பா எப்படி உட்கார்ந்தார் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, ஏனென்றால் துரைக்கு முன்னால் அவர் உட்கார்ந்ததே இல்லை.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் பாக்கியம் என்று ஒருத்தி என்னோடு படித்தாள். கொழுந்து எடுப்பவரின் மகள். ஆறு வருடமும் கணக்கில் அவள்தான் முதல், நான் இரண்டாவது. ஆறாம் வகுப்பு முடிந்ததும் மேற்கொண்டு படிக்கத் தானா ராத்தா டவுனுக்குப் போக வேண்டும். தோட்டத்து லோரி தினமும் எங்களைப் போன்ற ஸ்டாப் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அதில் யார் ஏறலாம் என்பது அப்பா வாயில் இருந்தது. பாக்கியத்தின் அம்மா ஒரு சனிக்கிழமை எங்கள் பின்வாசலில் வந்து நின்று, என் மகளையும் அதில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டார். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கூலி மவ படிச்சி என்னா செய்யப் போவுது? லோரியில எடம் இல்ல, போ" என்றார். ஆறு பேர் உட்காரும் பலகையில் நான் ஒருத்திதான் உட்கார்ந்து போனேன். பாக்கியம் அந்த வருடமே கூடையை மாட்டிக்கொண்டாள். எனக்கு அது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது; நான் கணக்கில் முதலாவதாக வந்தேன்.

முதலாவதாக வந்தவளுக்கு நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் இட ஒதுக்கீட்டுக்கு வெளியே நின்ற நம் பிள்ளைகளுக்கு அது குதிரைக் கொம்பு என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் பதில் போடவில்லை. கடைசியில் அப்பா ஒரு விளம்பரத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்தார். கரீபியன் தீவில் புதிய மருத்துவக் கல்லூரி, நுழைவுத் தேர்வு இல்லை, நேர்முகம் இல்லை. எதுவுமே கேட்காமல் சேர்த்துக்கொள்கிற கல்லூரியைப் பற்றி நாமாவது எதையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆபீஸ் வாசலில் மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். லயத்து ஜனங்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

கல்லூரி, கடன் தாங்காமல் மூடிப்போன ஒரு கடற்கரை ஹோட்டல். கதவுகளில் அறை எண் அப்படியே இருந்தது. உடற்கூறு வகுப்பு நடந்த இடம் பழைய நடனக் கூடம். கூரையில் கண்ணாடி உருண்டை தொங்கிக்கொண்டிருந்தது. அறுத்துப் படிக்க உடல் அடுத்த மாதம் வரும் என்று ஒன்பது மாதம் சொன்னார்கள். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அமெரிக்கர்கள், தங்கள் நாட்டில் எல்லா வாசலிலும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்கள். பகலில் தீவுக்காரர்களின் சோம்பேறித்தனத்தைப் பற்றிப் பேசுவார்கள். கடலில் படுத்துக்கொண்டு பேசுவார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். இளக்காரம் பேசுவதற்கு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஒரு படிப்பை நான் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருந்தேன்.

மூன்றாம் வருடம் எங்களைத் தீவின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த மழைக்காலத்தில் மிஸ் வீக்குக் காலில் புண் வந்தது. சர்க்கரை வியாதி. வாழைத் தோட்டத்துப் பாதையில் எதையோ மிதித்திருக்கிறாள், வலியே தெரியவில்லை. இரண்டு விரல்கள் கறுத்த பிறகுதான் என்னிடம் சொல்லாமல் தானே பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். மறுநாள் காலை ஆறு மாணவர்கள் அவள் கட்டிலைச் சுற்றி நின்றோம். பாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற ஓர் அமெரிக்க சர்ஜன். அட்டையில் இருந்த பெயரை இரண்டு முறை தப்பாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, இது உன் ஆளா என்று கேட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இல்லை என்றேன். நான் மலேசியாக்காரி என்றேன். அவர் பேனாவின் பின்பக்கத்தால் புண்ணைச் சுட்டிக்காட்டி விளக்கினார். ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். மிஸ் வீ என்னை அழைக்கவும் இல்லை, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பத்து நாளும் நான் வார்டு பக்கம் தனியாகப் போகவில்லை. வந்த மறுநாள் காலை, கட்டையை ஊன்றிக்கொண்டு எனக்குக் கொக்கோ வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"நீ சொன்னதில பொய் இல்லம்மா" என்றாள். "நான் உன் ஆள் இல்ல. ஆனா என் காலையாவது பாத்திருக்கலாம். அந்த வெள்ளைக்காரப் பிள்ளைங்ககூட மூக்கைப் புடிச்சிக்கிட்டுப் பாத்துச்சுங்க. நீ சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்ன."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருப்பேன். அந்தப் பெண்மணி தகவல் சொல்வதுபோலச் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக் கட்டுத் துணியை அவிழ்த்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் கழுவிக் கட்டினேன். புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. நடனக் கூடத்தில் படித்த எல்லாவற்றையும்விட அந்தக் காலில் அதிகம் படித்தேன்.

பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். குவார்ட்டர்ஸ் கேட்டில் டாக்டர் வசந்தா கோவிந்தராஜூ என்று நீல எழுத்தில் போர்டு தொங்கியது. அப்பா ஆபீஸ் புல்வெளியில் டீ பார்ட்டி வைத்தார். இப்போது துரை நம் நாட்டுக்காரர்தான். ஆனால் நாற்காலி பழைய நாற்காலி, அப்பா பழைய மாதிரியே நின்றுகொண்டிருந்தார். துரை என்னிடம், கரீபியன் ஆப்பிரிக்காவில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். பார்ட்டி முடிந்த பிறகுதான் அம்மா ஒரு கவரை எடுத்து வந்து மெதுவாக என் கையில் கொடுத்தார். மருத்துவக் கவுன்சில் கடிதம். அந்தக் கல்லூரியின் பட்டம் இந்த நாட்டில் செல்லாது. கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. அப்பா அதைப் பூட்டி வைத்துவிட்டுப் போர்டுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே லயத்து ஆட்கள் வரிசையாக நின்றார்கள். டாக்டரம்மா வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். நடுவில் பாக்கியம், தலைத்துண்டோடு, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு. குழந்தையின் காதிலிருந்து சீழ் வழிந்துகொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் வீங்கியிருந்தது. அப்பா வாசலில் நின்று, "டாக்டரம்மா களைப்பா இருக்காங்க, நாளைக்கு வாங்க" என்றார். நான் அவரைத் தாண்டி வெளியே போய், எனக்கு இங்கே வைத்தியம் பார்க்க அனுமதி இல்லை, என் படிப்பை இந்த நாட்டில் ஒப்புக்கொள்ளவில்லை, எல்லோரும் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னேன். வரிசை அசையாமல் நின்றது.

"அப்ப அந்த ஊர்ல யாருக்குத்தான் பாக்குறீங்க?" என்று பாக்கியம் கேட்டாள்.

"அங்க உள்ள கூலி ஆளுங்களுக்கு. என்னையும் அங்க கூலின்னுதான் சொல்றாங்க" என்றேன். அப்பா காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

பாக்கியம் என்னைச் சிரிக்காமல் பார்த்தாள். "அப்படியா. அங்க லோரியில எடம் இருக்கா?" என்றாள்.

அந்தக் குழந்தையின் வீக்கம் அடுத்த நாள்வரை தாங்காது என்று தெரிந்தது. ஸ்டோருக்கு முன்னால் நின்ற லோரியைக் கிளப்பச் சொன்னேன். டிரைவர் அப்பாவைப் பார்த்தான். அப்பா வாயைத் திறக்கவில்லை. பாக்கியத்தை முன்னால் ஏற்றிவிட்டு நான் பின்னால் உரச் சாக்குமேல் உட்கார்ந்து போனேன். அங்கே சொல்ல வேண்டியதைப் பாக்கியத்திடம் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு நான் லோரியிலேயே இருந்தேன். ஆஸ்பத்திரியில் அன்றே அறுத்துச் சீழை எடுத்தார்கள், குழந்தை பிழைத்துக்கொண்டது. அங்கிருந்த டாக்டர் என்னைவிட இளையவர். கடிதம் எதுவும் இல்லாமல் யாரம்மா இவ்வளவு சரியாகச் சொல்லி அனுப்பியது என்று பாக்கியத்திடம் கேட்டிருக்கிறார். எங்கள் கிராணி மகள் என்று சொன்னாளாம். டாக்டரம்மா என்று சொல்லவில்லை. சரிதான்.

அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தீவுக்குத் திரும்ப மலையடிவாரத் தாப்பாவில் என்னைப் பஸ் ஏற்றிவிடும்போதுதான் பேசினார். "போர்ட கழட்ட மாட்டேன். மழையில அழிஞ்சா அழியட்டும்" என்றார். நான் அவரைத் திட்ட வைத்திருந்த சொற்களெல்லாம் பஸ் கிளம்பிய பிறகுதான் ஞாபகம் வந்தன.

அந்தப் பட்டத்தை ஒப்புக்கொள்கிற ஒரே அரசாங்கம் இந்தத் தீவின் அரசாங்கம். ஆள் பஞ்சம் அவர்களுக்கு. திரும்பி வந்ததும் வேலை கொடுத்தார்கள். சேரும் நாளில் மிஸ் வீயும் கூட வந்து, காலை நீட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிளார்க் பூர்த்தி செய்ய ஒரு பாரத்தை நீட்டினான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்வது என்று ஒரு கேள்வி. அப்பா பெயரையும் தோட்டத்து விலாசத்தையும் எழுதினேன். அவன் விலாசத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, இது ஆகாது, உடனே வந்து உடலை வாங்கிக்கொள்ளக்கூடிய ஆள் வேண்டும் என்றான். ஐவி வீராசாமி என்றேன்.

என்ன உறவு என்று கேட்டான். மிஸ் வீ தொப்பியால் விசிறிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தம் என்றேன். எந்த வழியில் சொந்தம் என்றான். அது உங்கள் பாரத்துக்குள் அடங்காது என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, ரூலரை வைத்து அப்பாவின் பெயரைக் குறுக்கே ஒரே கோடாக அடித்து, அதற்கு மேலே இருந்த சின்ன இடத்தில் நெருக்கி மிஸ் வீயின் பெயரை எழுதினான். கோட்டுக்குக் கீழே அப்பாவின் பெயர் ஓர் எழுத்துகூடக் குறையாமல் படிக்க முடிந்தது. அவன் இரண்டு பெயர்களுக்கும் சேர்த்து ஒரே முத்திரையைக் குத்தி உள்ளே வைத்தான்.