அக்காவின் ஊருக்கு நான் எழுதிய பத்து மார்க் பதில்

அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. ஆனால் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்துவிடுவேன். இடப்பக்கம் மருந்துக்கடை, அடுத்து சர்ச், சர்ச்சுக்குப் பின்னால் கல் பாவிய சந்து, சந்து முடிகிற இடத்தில் ஆறு. பாரிஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டில் உட்கார்ந்துகொண்டு, லேப்டாப்பில் மேப்பைத் திறந்து அந்தத் தெருக்களில் அவ்வளவு சுற்றியிருக்கிறேன்.

அங்கே இருப்பது என் அக்கா. காரைக்கால் மாப்பிள்ளை, பிரெஞ்சு பாஸ்போர்ட் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வாயைப் பிளந்த கல்யாணம், நாலே வருஷத்தில் முடிந்தது. அவர் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா அங்கேயே குழந்தைகள் காப்பகத்தில் வேலை தேடிக்கொண்டு தங்கிவிட்டாள். வருஷா வருஷம் தங்கும் அனுமதி கார்டைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தருவார்களா, திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று மாதக்கணக்கில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. குடியுரிமை கிடைத்தால் அந்தப் பயம் ஒரேயடியாக கலாஸ். விண்ணப்பித்தாள். நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது. நாட்டைப் பற்றிக் கேட்பார்கள், நீ இருக்கிற ஊரைப் பற்றியும் அதன் பழைய கதையைப் பற்றியும் கேட்பார்கள் என்று கூட வேலை பார்ப்பவள் சொல்லியிருக்கிறாள்.

இந்த இடத்தில்தான் என் என்ட்ரி.

"நீதான் பிரெஞ்சு படிச்சவளாச்சே, அவளுக்குச் சொல்லிக் குடுடி" என்றாள் அம்மா.

படித்தேன்தான். இங்கே பள்ளியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தேன், மார்க் கொட்டும் என்பதற்காக. கோயம்புத்தூரில் காலேஜிலும் அதே காரணத்துக்காக அதையே எடுத்தேன். அந்த மொழியில் ஒரு காபி ஆர்டர் பண்ணச் சொன்னால் முழிப்பேன். ஆனால் பிரான்சின் நினைவுச் சின்னங்கள் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள், முன்னுரையிலிருந்து முடிவுரை வரை மூச்சு விடாமல் கொட்டுவேன். அந்தத் திமிரில் அக்காவின் ஊரையே பத்து மார்க் கேள்வியாக்கி, பதில் எழுதினேன். தலைப்பு, அதன் கீழே பாயிண்ட், முக்கியமான வார்த்தைக்கெல்லாம் அடிக்கோடு. செம கெத்தாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாஸ். இங்கே பதினொரு மணி, அங்கே அவள் காபி குடிக்கும் நேரம். துபாயில் தடையில்லாமல் வேலை செய்யும் ஒரு ஆப் வழியாகப் பேசுவோம்.

"அக்கா, காத்து சத்தம் காதைக் கிழிக்குது. எங்க நிக்கிற? வீட்டுக்குள்ள போ."

"சரி சரி, திரும்பி உக்காந்துக்கிறேன். நீ கேளு."

"ஆத்தங்கரையில என்ன பாரம்பரியச் சின்னம் இருக்கு?"

"துணி தொவைக்கிற மண்டபம். ஏய், அது வழியாத்தான் நாங்க பிள்ளைங்கள நடத்திக் கூட்டிட்டுப் போவோம் தெரியுமா? ஒரு நீளக் கயிறு, அதுல முடிச்சு முடிச்சா இருக்கும், ஆளுக்கொரு முடிச்சப் பிடிச்சுக்கும். மண்டபத்துக்கிட்ட வந்ததும் ஒரு வாண்டு உள்ள பாத்துக் கத்தும். எதிரொலி வரும்ல. உடனே எல்லாம் கத்தும். நானும் கத்துவேன்."

"எதிரொலிக்கு மார்க் கிடையாதுக்கா. எந்த நூற்றாண்டு?"

"பத்தொன்பது."

"யாரு தொவைச்சாங்க?"

"சலவைக்காரப் பொம்பளைங்க. பாரிஸ்காரங்க அழுக்குத் துணியெல்லாம் இங்கதான் வந்துச்சு."

"யெஸ். அதை மட்டும் சொல்லு."

அடுத்த பாயிண்ட், பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்தைக் காட்டும் கல்வெட்டுக் கோடு. அது தன் தோளுக்கு வருகிறது என்றாள். போன குளிர்காலத்தில் தண்ணீர் கரைப் பாதையை முழுங்கியபோது, காப்பகத்தில் கீழ்த்தட்டுப் பொம்மைகளையெல்லாம் மேலே தூக்கி வைத்தார்களாம். "பழைய வெள்ளம்னு சொல்லிட்டு நிறுத்து, சொந்தக் கதை வேணாம்" என்றேன். அதற்கடுத்த பாயிண்ட், அந்தக் காலத்தில் பாரிஸ் தொழிலாளர்கள் ஞாயிறு தோறும் ரயிலில் வந்து ஆற்றோர விடுதிகளில் ஆடிப்பாடியது. அதற்கு வாக்கியம் நீளம். திக்கித் திக்கி ஒப்பித்தாள். மூன்று ஞாயிறு அதற்கே போனது.

நேர்காணல் அன்று நான் ஆபீஸில். போனை கீபோர்டு மேலேயே வைத்திருந்தேன். மதியம் அழைப்பு வந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி! ஒரு பாயிண்ட் கூட விடல."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "சூப்பர்க்கா! என்னல்லாம் கேட்டாங்க?"

"ஞாயித்துக்கிழமை எங்க போவீங்கன்னு கேட்டாங்க அந்தம்மா. உடனே அந்தத் தொழிலாளர்கள் ரயில்ல வந்ததை எடுத்து விட்டேன்."

எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தேன். "அக்கா... நீ எங்க போவன்னுதான் கேட்டிருக்காங்க."

"ஆமால்ல? மறுபடியும் கேட்டாங்க. பாதியை மறந்துட்டேன் போலன்னு பயந்து வெள்ளத்துக்குத் தாவிட்டேன். அந்தம்மா பேனாவை மூடி வச்சிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அது நல்லதுதானே? போதும்னு அர்த்தம்தானே?" என்றாள்.

"நல்லதுதான்க்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

கடிதம் வர மாதங்கள் ஆயின. படம் எடுத்து அனுப்பி, கூடவே வாய்ஸ் மெசேஜ்: "எனக்குப் புரிஞ்ச மாதிரிதான் இருக்கு. ஆனா நீ படிச்சுச் சொல்லு. நான் தப்பாப் படிச்சிருக்கலாம்."

அவள் தப்பாகப் படிக்கவில்லை. விண்ணப்பம் இரண்டு வருஷத்துக்குத் தள்ளிவைப்பு. காரணம்: பதில்கள் மனப்பாடம் செய்தவை போலிருந்தன, வசிக்கும் ஊரோடு விண்ணப்பதாரருக்குச் சொந்தப் பிணைப்பு இருப்பதாகத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அகராதி பார்க்காமல் முழுசாகப் புரிந்த முதல் பிரெஞ்சுக் கடிதம் அதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பீல் கிப்பீல் பண்ண முடியாதா? ஒரு லெட்டர் எழுதிப் போடேன். நீதான் படிச்சவளாச்சே."

லேப்டாப்பைத் திறந்தேன். மரியாதை விளிப்பை அடித்தேன். மூன்று வரி நீளும் அந்தப் பணிவான முடிவுரையையும் அடித்தேன், பள்ளியிலேயே உருப்போட்டது. நடுவில் என்ன எழுதுவது? கயிறு, முடிச்சு, எதிரொலி? அவள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது அது. நான் எழுதினால் இன்னொரு மனப்பாடப் பதில். கர்சர் பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருந்தது. மூடிவிட்டேன்.

இந்த மாதிரி நேர்காணல் எனக்கு வரவே வராது. பிறந்தது பர் துபாயில்தான், ஆனாலும் இங்கே குடியுரிமை கிடையாது. ஊர் நடுவே ஓடும் கிரீக் கழியைப் படகில் எத்தனை தடவை தாண்டியிருப்பேன் என்று கணக்கில்லை. முதலில் அப்பா விசா, இப்போது கம்பெனி விசா, வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எந்த ஆபீஸரும் என்னை உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவாய் என்று கேட்கப்போவதில்லை. கேட்கிற ஊர் ஒன்று அக்காவுக்குக் கிடைத்தது. பதிலை நான் எழுதிக் கொடுத்துத் தொலைத்தேன்.

போன ஞாயிறு பேசினாள். அதே காற்று.

"கார்டு புதுப்பிக்கிற தேதி வந்திருச்சுடி. அடுத்த மாசம். எதாவது படிக்கணுமா?"

"இல்லக்கா. அதுக்குப் பேப்பர் மட்டும்தான்."

"தருவாங்கல்ல?"

"தருவாங்க" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

அவள் பின்னால் காற்று இரைந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. "அக்கா, இப்ப எங்க இருக்க?"

"எங்க இருப்பேன்? துணி தொவைக்கிற மண்டபத்துப் படியிலதான். ஞாயித்துக்கிழமை உன்கிட்டப் பேச இங்கதானே வருவேன், முதல்லேருந்தே. வீட்டுல சிக்னல் வராதே."



"ரெண்டு வருஷம் கழிச்சும் அதே கேள்விதான் கேப்பாங்களா?" என்றாள்.

"தெரியலக்கா."

"சரி, விடு. இரு, இதைக் கேளு." திடீரென்று ஒரு கத்து கத்தினாள். "கேட்டுச்சா? எதிரொலி?"

அவள் கத்தியது கேட்டது. போன் பேச்சில் எதிரொலி வந்தாலே வெட்டிவிடும் அந்த ஆப், இதையும் வெட்டிவிட்டது.

"கேக்கலக்கா. இன்னொரு தடவை கத்து."

கத்தினாள். அப்போதும் வரவில்லை.