குறுக்குக் கட்டை போடாத வீடு

மலையாளக் கரையில், மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்த அந்த வெட்டுக்கல் வீட்டுக்குள் எந்தக் கள்ளனும் நுழைய முடியாது என்பார்கள். அடேயப்பா, சுவரா அது! ஜன்னல் குழியில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம். மிளகு கொழித்த காலத்தில் கட்டியவர்களுக்குக் கொள்ளை பயம். மிளகு மூட்டைகளுக்கு மச்சு, குனிந்து நுழையும் வாசல், கதவுக்கு உள்ளே சுவருக்குச் சுவர் குழியில் செருகும் பலாமரக் குறுக்குக் கட்டை என்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தார்கள்.

அந்தக் கட்டையைத்தான் சீனியம்மாள் போடவே இல்லை.

எழுபத்து நான்காம் வருஷம் அவளும் புருஷன் சங்கிலிப்பாண்டியும் சிவகங்கைப் பக்கமிருந்து தோப்புக் காவலுக்கு வந்தார்கள். மறுவருஷமே அந்தப் பாவி மனுஷன் கள்ளத்தனமாய் ஆள் ஏற்றும் லாஞ்சுப் படகில் ஏறி துபாய்க்குக் கிளம்பிவிட்டான். "எப்ப வருவேன்னு தெரியாது புள்ள. இந்த வீட்டைவிட்டு எங்கயும் போயிராத," என்றான். போனவன் போனவன்தான்.

அவன் வந்து தட்டும்போது அவள் அசந்து தூங்கிவிட்டால்? அத்தனை தடிச் சுவருக்குள் வெளிச்சத்தம் எங்கே கேட்கும்! அதனால் கதவை வெறுமனே சாத்தி வைத்தாள்.

தோப்பு முதலாளி முகைதீன் பிச்சை வரும்போதெல்லாம் திட்டுவார். "கள்ளன் கேறினா என்னடீ செய்வே?"

"கட்டையப் போட்டா அவுக எப்படி முதலாளி உள்ள வருவாக?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு தோப்புக்குள் நடந்துவிடுவார்.

அடைமழை மாதங்களில் தோப்புப் பக்கம் ஒரு மனித முகம் எட்டிப் பார்க்காது. கல்சுவர் ஈரம் கசிந்து வழியும். அதைத் துடைத்துக்கொண்டே, "நீயாவது ஒரு வார்த்தை பேசேன்!" என்று சுவரோடு சண்டை போடுவாள். தனிமை அவளைத் தின்றுகொண்டிருந்தது, வேறென்ன சொல்ல?

எண்பத்தாறில் முதலாளி தோப்பை விற்றுவிட்டார். அங்கே குடோன் வரப்போகிறதாம். பழைய சாமான் கடைக்காரர்கள் கதவைக் கழற்றியபோது, கட்டை செருகும் குழியில் குளவி கூடு கட்டியிருந்தது.

"சேச்சி, இதை அடைச்சதே இல்லியா?" என்று ஒருவன் சிரித்தான்.

சீனியம்மாள் முதலாளி பக்கம் திரும்பி, "இனி அவுக எங்க வந்து தட்டுவாக?" என்று மட்டும் கேட்டாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவரே பக்கத்து ஊர் பள்ளுருத்தியில் ஒரு அறை பிடித்துக் கொடுத்தார். பலகைச் சுவர், தகரக் கதவு. பக்கத்து அறைக்காரன் இருமினால் இவள் காதில் விழும். தெருமுனையில் யார் கதவைத் தட்டினாலும் கேட்கும். ஆனால் இப்படியொரு இடம் இருப்பது சங்கிலிப்பாண்டிக்குத் தெரியாது.

அன்று பொழுது சாய்ந்ததும் சீனியம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.